பன்னிரண்டு சிலிண்டர் மருந்து டேங்க்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி முதலாளி கேட்டார். முப்பத்தைந்து வருடம் பஸ்ஸுக்கும் வேனுக்கும் பாடி கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் நான். தகடு வளைப்பதும் வெல்டிங் வைப்பதும் கையால் கற்க வேண்டியவை. அவற்றை எழுதினால் உங்களுக்குத் தூக்கம்தான் வரும். அதனால் நீங்கள் எல்லோரும் பார்த்தும் கேட்காமல் இருக்கிற ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

வரைபட அறையில் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒரு மருந்தடிக்கும் டேங்க் தொங்குகிறதல்லவா? தோட்டத்தில் முதுகில் மாட்டிக்கொண்டு தக்காளிக்கு மருந்தடிப்பார்களே, அதுதான். அதற்கு எதற்கு வெள்ளி நிறப் பெயின்ட், அதன் தலையில் எதற்குப் பன்னிரண்டு குழாய்கள் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். அது ஒரு சூப்பர் காரின் எஞ்சின். சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில் ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி முழுக்க அதை எஞ்சின் என்றே நம்பியது.

தொண்ணூறுகளின் கடைசி. அப்போது நான் ஃபோர்மேன். பட்டறைக்கு எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தான் சேகர். வடமதுரைப் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பா நிலத்தில் மல்லிகை போட்டார், மகனுக்கு மண்ணைவிட கிரீஸ் வாசனை பிடித்துப்போனது. கோயம்புத்தூர் போன இடத்தில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து வெளிநாட்டு மோட்டார் பத்திரிகை ஒன்றை வாங்கி வந்தான். அதில் ஒரு புதுக் காரின் படம். விற்பனைக்கே வராத கார் என்று எழுதியிருந்ததாம். இடுப்பளவுதான் உயரம், கட்டிலைப் போல அகலம், செக்கச் சிவப்பு. கதவுகள் இரண்டும் பறவை இறக்கையைப் போல வெளியே வீசி மேலே போய் நிற்கும். எஞ்சின் முன்னால் கிடையாது, ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால். பன்னிரண்டு சிலிண்டர்.

அந்தப் படம் எங்கள் நாலு பேரையும் கெடுத்தது. நாலு மணி டீ நேரத்துக்கு சேகர் பத்திரிகையோடு வருவான். பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் லெக்சரர் ஒருவர் வருவார். எங்கள் பட்டறையின் பெயின்டர் அந்தோணி பெயின்ட் கரைக்கும் தின்னர் நாறும் கையோடு வந்து நிற்பான். நான் பேருக்கு வேலை பார்ப்பதுபோல் பக்கத்தில் இருப்பேன்.

"எஞ்சினை எதுக்குய்யா பின்னாடி வெச்சான்? பெல்ட் அந்துச்சுன்னா சீட்டைக் கழட்டவா?" என்று நான் ஆரம்பித்து வைப்பேன்.

லெக்சரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். "மாட்டு வண்டில மூட்டைய எங்க அடுக்குவீங்க? நொகத்தடிப் பக்கமா, அச்சுக்கு மேலயா? அம்புட்டுத்தான் சங்கதி. பாரம் நடுவுல இருந்தா வண்டி வளைவுல ஆடாது."

"நம்ம ஊருல வளைவே ரெண்டுதான் சார். ரெண்டுலயும் மாடு படுத்திருக்கும்."

"காத்து பாருங்க, காத்து. மூக்கு சப்பையா இருக்கறதால காத்து மேலேறிப் போயி வண்டியத் தரையோட அமுக்கும்." அவர் ஸ்டீல் ஸ்கேலை விசிறிக்கு முன்னால் சாய்த்துப் பிடித்துக் காட்டுவார். ஸ்கேல் ஒரு நாள் பறந்து போய் அந்தோணி அப்போதுதான் பெயின்ட் அடித்த பஸ் கதவில் ஒட்டிக்கொண்டது. அந்தோணிக்கு எஞ்சின் எங்கே இருந்தாலும் கவலை இல்லை. "இந்தச் செவப்பு மூணு கோட்டுல வராதுண்ணே" என்பதைத் தவிர அவன் வேறொன்றும் சொன்னதில்லை. எனக்கு ஒரே கேள்விதான்: மேலே திறக்கிற கதவில் மழைத் தண்ணீர் எங்கே போய் வடியும்? அதற்குப் பதில் பத்திரிகையிலும் இல்லை.

இப்படி ஆறு மாதம் பேசினோம். பேச்சோடு நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

சேகருக்குப் பெண் பார்த்தார்கள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி நடத்தும் பெரியவரின் மகள் கவிதா. நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலை போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருக்கையில், மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரையா ஜீப்பா என்று மாமனார் கேட்டிருக்கிறார். சேகர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "சூப்பர் கார்ல வாரேன் மாமா. நம்ம திண்டுக்கல்லுலயே கட்டுறது" என்று சொல்லிவிட்டான். அவரும் மரியாதைக்காக, "எத்தனை சிலிண்டருங்க மாப்ளே?" என்று கேட்டிருக்கிறார்.

"பன்னெண்டு மாமா."

மறுநாள் காலை ஷட்டரைத் திறக்கும் முன்பே அவன் என் வீட்டு வாசலில் நின்றான். "அண்ணே, மானம் போயிரும்ண்ணே. நீங்க கைய வெச்சா முடியும்ண்ணே."

முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. ஆறு மாதம் அந்தப் படத்தை ஓரக்கண்ணால் பார்த்தவன் நான். என் கைக்கும் அரிப்பு இருந்தது. உண்மையை மறைப்பானேன், சேகரைவிட எனக்குத்தான் ஆசை அதிகம்.

லாரி மோதிக் கூரை நசுங்கிப்போன பழைய பெட்டிக் கார் ஒன்று கிடைத்தது. எஞ்சினைப் பின்னால் மாற்ற வேண்டும் என்று சேகரும் லெக்சரரும் மல்லுக்கு நின்றார்கள். நான் அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு சிலிண்டர் எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் வெளியே யாருக்கும் தெரியக் கூடாதே! எஞ்சின் பின்னால் இருக்கும் காருக்கு முன்னால் காற்றுப் போக வாய் தேவையில்லை என்று லெக்சரர் சொன்னார். உடனே மூக்கில் இருந்த கிரில்லை அடைத்து மழமழவென்று ஆக்கினோம். அகலம் போதவில்லை என்றார்கள். ஃபைபரில் இரண்டு பக்கமும் இடுப்பு வைத்தேன். உயரம் அதிகம் என்றார்கள். ஸ்பிரிங்கை வெட்டி வயிற்றைத் தரைக்கு நாலு விரல்கடை உயரத்துக்குக் கொண்டுவந்தேன். கதவுகளையும் படத்தில் இருந்தபடியே வெளியே வீசி மேலே போகும்படி மாட்டினேன், ஜன்னல் கண்ணாடி ஒரு சாண் மட்டும் நகரும்.

பின்னால் ஒரு மூடி வைத்து, அதில் கம்பி வலை போட்டு, உள்ளே எஞ்சின் தெரிகிற மாதிரி செய்ய வேண்டும். அதற்குத்தான் அந்த மருந்து டேங்க். அந்தோணியின் மச்சான் தோட்டத்தில் ஓட்டையாகிக் கிடந்தது. வயரிங் குழாயைப் பன்னிரண்டு துண்டாக அறுத்து வளைத்து அதன் தலையில் வைத்தேன். அந்தோணி வெள்ளி நிறம் அடித்தான். டேங்குக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு பிளைவுட் பலகை, நாலு ஸ்க்ரூ. அவ்வளவுதான் எங்கள் எஞ்சின் அறை.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு மாமனார் பார்க்க வந்தார். கதவைத் திறந்து காட்டினோம். இரண்டு இறக்கைகளும் மேலே எழுந்தபோது பட்டறையே கை தட்டியது. எங்கள் ஷெட் நாற்பதடி அகலம். அதில் எந்தக் கதவுதான் திறக்காது? அவர் சுற்றி வந்து பின்னால் குனிந்து வலை வழியாகப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். "பன்னெண்டும் இருக்குதுங்க" என்றார். எனக்கு அன்று இருந்த பெருமை இருக்கிறதே, இன்று நினைத்தால் எனக்கே என்னை நாலு சாத்து சாத்தத் தோன்றுகிறது.

கல்யாணம் காலை முகூர்த்தம். ஒன்பது மணியோடு நல்ல நேரம் முடிகிறது. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் ஒரு ஃபர்லாங். பட்டு வேட்டி, மாலை, தலைப்பாகையோடு சேகரே ஓட்டினான். முன்னால் நாதஸ்வரம் அடிமேல் அடி வைத்துப் போக, கார் முதல் கியரில் உறுமிக்கொண்டு பின்னால் ஊர்ந்தது. தெரு முழுக்க ஜனம். பாதி வழியிலேயே மூக்கிலிருந்து புகை போல ஆவி கிளம்பியது. காற்றுப் போக வாய் வைக்காமல் மூடிய எஞ்சின் வேறென்ன செய்யும்?

"எஞ்சின் பின்னாடின்னாங்க, பொகை முன்னாடி வருது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"ரேடியேட்டர் மட்டும் முன்னாடி" என்றார் லெக்சரர், கண் சிமிட்டாமல். படித்தவர் படித்தவர்தான்.

மண்டபத்து வாசலில் போர்டிகோ. ஏறுவதற்குச் சின்னச் சரிவு. இரண்டு பக்கமும் காங்கிரீட் தூண், தூணோடு குலை தள்ளிய வாழை. படி வரைக்கும் கொண்டு போய்த்தான் இறங்குவேன் என்று சேகர் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். கார் சரிவில் ஏறியது. சரிவு முடிகிற மேட்டில் வயிறு "கிரீச்" என்று உட்கார்ந்தது. எஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றது. நின்ற இடம் சரியாக இரண்டு தூண்களுக்கு நடுவில். மணி எட்டு முப்பத்தைந்து.

சேகர் கம்பீரமாகக் கதவைத் தள்ளினான். இறக்கை வெளியே ஒரு சாண் வீசி, வாழை மரத்தில் மோதி நின்றது. அந்தப் பக்கக் கதவும் அப்படியே. வாழையை வெட்டலாம் என்றார் ஒருவர். கல்யாண வீட்டு வாசல் வாழையையா என்று பெண் வீட்டார் பாய்ந்தார்கள். வெட்டினாலும் பயனில்லை, பின்னால் தூண். பத்துப் பேர் சேர்ந்து பின்னால் இழுத்தார்கள். வயிறு மேட்டை விடவில்லை. தூக்கிப் பார்ப்போம் என்று கீழே பிடித்தார்கள். நான் ஆசை ஆசையாக வைத்த ஃபைபர் இடுப்பு அவர்கள் கையோடு வந்துவிட்டது. உறவுக்காரர் ஒருவர் அதைக் கையில் ஏந்தி, எங்கே வைப்பது என்று தெரியாமல், சந்தனக் கும்பா பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

தம்பிகளா, தங்கைகளா, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். மாப்பிள்ளையை வெளியே கொண்டுவர வழி இருக்கிறது என்று எனக்கு முதல் நிமிடத்திலேயே தெரியும். பின்மூடியைத் திறந்து, டேங்கைத் தூக்கிவிட்டு, நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் பலகை வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கீழே படுத்துப் பார்த்தேன். கதவுக் கீலைத் தட்டிக் காது வைத்துக் கேட்டேன். "செத்த நேரம் பொறுங்க, செத்த நேரம் பொறுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அறுநூறு பேருக்கு முன்னால் அந்த டேங்கைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே ஆவிச் சூட்டில் சேகர் வெந்துகொண்டிருந்தான். தலைப்பாகை நெற்றியில் இறங்கிவிட்டது. கண்ணாடிச் சந்தில் வாயை வைத்து, "அண்ணே, எதையாச்சும் பண்ணுங்க. ஆனா பின்னாடி மட்டும் தொறந்துராதீங்க. மாமா பக்கத்துலயே நிக்கிறாரு" என்றான்.

நின்றார். கைக்கடிகாரத்தையும் காரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து ஐயர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். இந்த நேரம் தப்பினால் அடுத்த நல்ல நாளுக்கு மாதக் கணக்கில் ஆகும் என்று யாரோ சொன்னார்கள். பெண்ணின் பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார். "மொதக் கோணலே இப்புடி ஆயிருச்சே" என்று பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. அது நின்று போய்விடும் பேச்சில்லை, வளர்ந்து வேறெங்கோ போகிற பேச்சு.

எட்டு ஐம்பது. மணப்பெண்ணே வாசலுக்கு வந்துவிட்டாள். கூறைப்புடவை, கழுத்து கொள்ளாத மாலை. யாரோ தடுத்தார்கள், அவள் கேட்கவில்லை. காரை ஒரு தடவை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஏனுங்கண்ணா, பொறத்தால ஒரு மூடி இருக்குதே, அந்தப் பக்கமா வர முடியாதுங்களா? எஞ்சின் மறைக்குதுங்களா?"

ஆறு மாதம் பத்திரிகையைக் கரைத்துக் குடித்தவர்கள் நாங்கள் நாலு பேர். கேட்டதோ நேரான கேள்வி. சேகர் சந்து வழியாக என்னைப் பார்த்தான். லெக்சரர் வானத்தைப் பார்த்தார்.

"எஞ்சின் முன்னாடிதாம்மா இருக்கு" என்றேன். "பின்னாடி ஒண்ணுமே இல்ல."

"அப்பத் தொறங்கண்ணா!" என்றாள் அவள்.

திறந்தேன். அந்தோணி குனிந்து, பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை ஒற்றைக் கையால் தூக்கி வெளியே வைத்தான். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். காய்கறிக்காரர்கள் நிறைந்த கூட்டம், அவர்களிடம் போய் மருந்து டேங்கை மறைக்க முடியுமா? வெள்ளிப் பெயின்ட் அடித்தால் மட்டும் தெரியாமல் போகுமா? முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு என் காதில் விழுந்துகொண்டே இருக்க, நான் நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஸ்க்ரூக்களை நான் பார்த்ததில்லை. பலகை வந்தது. அது வழியாக முதலில் ஒரு மாலை வந்தது, பிறகு தலைப்பாகை இல்லாத தலை வந்தது, பிறகு பட்டு வேட்டியை இறுக்கிப் பிடித்தபடி மாப்பிள்ளை முழுசாக வந்து விழுந்தான். கவிதாவும் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் சேகருக்கு உயிர் வந்தது. எட்டு ஐம்பத்தேழுக்குக் கெட்டிமேளம் கொட்டியது.

"ஒண்ணு கவனிச்சீங்களா?" என்று பந்தியில் லெக்சரர் என் காதில் சொன்னார். "பாரம் பின்னாடி இல்லாததாலதான் மூக்கு அமுங்கி உக்காந்துருச்சு." சாம்பார் வாளியை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டது நான் செய்த புண்ணியம்.

கார் மறுநாள் சாயங்காலம் வரை தூணுக்கு நடுவிலேயே நின்றது. அடுத்த கல்யாண வீட்டார் வந்து எங்களை வாழ்த்திய வாழ்த்தை இங்கே எழுத முடியாது.

ஒரு மாதம் கழித்து மாமனார் பட்டறைக்கு வந்தார். கையில் அந்த டேங்க். நான் எழுந்து நின்றேன். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் நின்றேன். அவர் டேங்கை என் மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க ஃபோர்மேன், உங்க எஞ்சின் மண்டபத்துலயே கெடந்துச்சுங்க."

"மன்னிச்சுக்கங்க" என்றேன். "அன்னைக்கே நேரா சொல்லிருக்கணும். கால் மணி நேரம் உங்க எல்லாத்தையும் தவிக்க விட்டுட்டேன்."

அவர் பன்னிரண்டு குழாய்களையும் தடவிப் பார்த்தார். "எனக்குக் கல்யாணத்துக்கு நாலு நாளைக்கு முன்னாடியே தெரியுமுங்க" என்றார். "இந்த மாதிரி டேங்க்ல முப்பது வருசம் மருந்தடிச்சவனுங்க நான். வலை வழியாப் பாத்தா அடையாளம் தெரியாதுங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சுமாய்யா நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லிருந்தா அப்பவே தொறந்திருப்பேனே! உங்க மக முகூர்த்தமாச்சே!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் எப்படிங்க சொல்றது? மாப்ளே கார் பன்னெண்டு சிலிண்டருன்னு மண்டி முழுக்க நாந்தானுங்க சொல்லி வெச்சிருந்தேன். நீங்க எப்படியாச்சும் வேற வழி கண்டுபுடிப்பீங்கன்னு உங்களையே பாத்துட்டு நின்னேன்."

நானும் எப்படியாவது வேறு வழி வரும் என்று அவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். உள்ளே இருந்தவன் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பேருக்கும் தெரியும், மூன்று பேரும் பேசவில்லை. அந்தப் பெண் வாயைத் திறந்து கேட்டிராவிட்டால், மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு அங்கேயே நின்றிருப்போம், கல்யாணம் போயிருக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் அவர்தான் சிரித்தார்.

போகும்போது ஒரு ஆர்டர் கொடுத்தார். மண்டி வேன்கள் இரண்டுக்கும் பின்கதவு வைக்க வேண்டும், மாப்பிள்ளை வந்து விழுந்தாரே, அதே மாதிரி மேலே தூக்கித் திறக்கிற மூடி, தக்காளிக் கூடை இறக்க வசதியாக இருக்குமாம். என்ன அளவு என்று கேட்க நோட்டை எடுத்தேன். எடுத்த கை நின்றது.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க" என்றேன். "வேனை எங்க நிப்பாட்டித் தொறப்பீங்க? மேல கூரை இருக்கா, பக்கத்துல தூண் இருக்கா?"

முப்பத்தைந்து வருட வேலையில் அந்தக் கேள்வியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு கேட்காமல் ஒரு கதவும் வரைந்ததில்லை. நீங்களும் கேளுங்கள். ஆனால் அதற்காக மட்டும் அந்த டேங்கை நான் அங்கே மாட்டவில்லை. தவறு என்னுடையது என்று தெரிந்துவிட்ட பிறகும் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வருகிற நாள் உங்களுக்கும் ஒன்று வரும். அன்று அண்ணாந்து சுவரைப் பாருங்கள், குழாய்களை எண்ணிக்கொண்டு நிற்காமல், போய் மூடியைத் திறந்துவிடுங்கள்.